இன்னும் நாற்பதே நாள்... புதுப்பொண்ணு எப்படி இருக்கா?

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கவர் கிளாஸுக்குள் வந்து இறங்கினால் என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். ‘ஏய்... சொல்லவேயில்ல!’ என்று ஒரு கத்தல். ‘ட்ரீட் எப்போ?’ என்று அடுத்த குரல். மாப்பிள்ளை போட்டோ பெஞ்ச் பெஞ்சாகக் கைமாறும். ‘மண்டபத்துல பிரியாணி உண்டா, இல்ல சாம்பார்தானா?’ என்று கடைசி பெஞ்ச் கவலைப்படும். பெல் அடித்ததும் எல்லாரும் பழையபடி பாடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

திரும்பாத ஒரே ஆள், பத்திரிகை கொண்டுவந்தவள்தான். உடம்பு மூணாவது பெஞ்சில் இருக்கும். மனசு மட்டும் ஜவுளிக்கடை, நகைக்கடை, மண்டபம், மாமியார் வீடு என்று ஊர்சுற்றிக்கொண்டிருக்கும். ‘சந்தோஷமா இருக்கியா?’ன்னு கேட்டா ‘ம்’ என்பாள். ‘பயமா இருக்கா?’ன்னு கேட்டாலும் ‘ம்’தான். ரெண்டுமே நிஜம்! நிச்சயதார்த்தத்துக்கும் தாலிக்கும் நடுவில் வருகிற அந்த ஆறேழு வாரம் இருக்கே... அது ஒரு தனி செமஸ்டர் பாஸ். சிலபஸ் கிடையாது. ஆனா, தினமும் இன்டர்னல்ஸ் உண்டு.

அந்தப் பொண்ணு உங்க கிளாஸ்ல இருக்கலாம். உங்க அக்காவா இருக்கலாம். அடுத்த வருஷம் நீங்களாகவே இருக்கலாம். அதனால, கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்துட்டு வருவோமா?

காலண்டர் பண்ற வேலை

ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. புரட்டாசியைப் பலர் ஒதுக்கிவிடுவார்கள். மிச்சமிருக்கிற மாசத்தில் முகூர்த்த நாள், மண்டபம் காலி, மாப்பிள்ளைக்கு லீவு என்று வடிகட்டினால் கையில் நிற்பது ரெண்டோ மூணோ தேதிதான். ‘பரீட்சை முடிஞ்ச கையோட முடிச்சிடலாம்’ என்று பெரியவர்கள் பிடித்துவைப்பது பெரும்பாலும் வைகாசி. அது மே நடுவில் ஆரம்பித்து ஜூன் நடுவில் முடியும். ஏப்ரல்-மே செமஸ்டர் பரீட்சை பத்து நாள் தள்ளிப்போனால் போதும், கடைசி பேப்பரும் பந்தக்காலும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஆவணி முகூர்த்தம் என்றால் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும் நேரம். பல பல்கலைக்கழகங்கள் கேட்கிற 75 சதவிகித அட்டெண்டன்ஸ் அங்கே உதைக்கும்.

இதைப் பத்திரிகை அடித்த பிறகு யோசித்துப் பிரயோஜனம் இல்லை. தேதி பேசும்போதே ‘அப்பா, எனக்கு இந்தத் தேதியில லேப் எக்ஸாம் வரும்’ என்று வாயைத் திறந்து சொல்வது நல்லது. ‘பொண்ணு பேசுறா பாரு’ என்று ஒரு சித்தப்பா முறைக்கலாம். முறைத்தால் முறைக்கட்டும், அரியர் எழுதப்போவது அவர் இல்லை! அதே மாதிரி துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், புராஜெக்ட் ரிவ்யூ தேதியை முன்னே பின்னே மாற்ற வழி கிடைக்கலாம்.

பத்திரிகையில் ஒரு பட்டம்

பத்திரிகை ப்ரூஃப் வந்த அன்றைக்கு வீட்டில் ஒரு மினி சட்டசபையே நடக்கும். பெரியப்பா பெயர் முதலில் வரணுமா, தாத்தா பெயரா? அத்தை வீட்டுக்காரருக்கு இனிஷியல் தப்பா? ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ லிஸ்ட்டில் குட்டிப் பசங்க பெயர் விட்டுப்போச்சா? ஒரு ‘ன’ இடம் மாறினால் ஒரு குடும்பமே கல்யாணத்துக்கு வராமல் போகிற ஊர் இது. இத்தனை கூத்திலும் புதுப்பொண்ணு பார்ப்பது ஒரே ஒரு இடத்தைத்தான். தன் பெயருக்குப் பக்கத்தில் ‘பி.இ.’ என்று அச்சாகியிருக்கும். மேத்ஸ் பேப்பர் ஒண்ணு இன்னும் பாக்கி இருப்பது அவளுக்கும் சீட் நம்பருக்கும் மட்டும்தான் தெரியும்!

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அப்புறம் தாய்மாமன் வீடு. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அம்மாவும் அப்பாவும் ஒரு பையில் பத்திரிகை, குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பிவிடுவார்கள். ‘வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா போதாதா?’ என்று கேட்டால் கதை கந்தல். நேரில் வந்து தட்டில் வைத்து அழைக்கவில்லை என்றால் அது அழைப்பே இல்லை, தகவல்!

வீட்டில் தனியாக இருப்பது அவளும் ரெக்கார்ட் நோட்டும்தான். ‘புதுப்பொண்ணு வெயில்ல சுத்தாதே’, ‘இனிமே வண்டி ஓட்டாதே’, ‘விளக்கு வெச்ச பிறகு வெளிய போகாதே’ என்று புதுசு புதுசாக ரூல்ஸ் வேறு. போன மாசம் வரை ஸ்கூட்டியில் பெட்ரோல் போட்டு, ஈ.பி. பில் கட்டிவிட்டு வந்த அதே பொண்ணுதான். திடீரென்று கண்ணாடிச் சாமான் ஆகிவிடுகிறாள்.

பட்டு எடுக்க பதினாறு பேர்

முகூர்த்தப் புடவை எடுக்கப் போனால் வேனில் ஆள் வைத்துப் போக வேண்டும். கட்டிக்கொள்ளப்போகிறவளுக்கு ஒரு கலர் பிடித்திருக்கும். ‘கறுப்பு கலந்த மாதிரி இருக்கு’ என்று ஒரு பாட்டி தட்டிவிடுவார். கடைசியில் எல்லாரும் அரக்குச் சிவப்பில் வந்து நிற்பார்கள்.

காஞ்சிபுரம் பட்டில் உடம்பு ஒரு கலர், பார்டர் வேற கலர் என்று சேர்த்து நெய்வதற்கு கோர்வை என்று பேர். பார்டர் இழையைத் தள்ள தறியில் பக்கத்திலேயே இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன்மேல் தங்க முலாம் கொடுத்தது. விலை அதற்கேற்ப இருக்கும். மத்திய பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ லேபிள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பட்டு விஷயத்தில் ஏமாறாமல் தப்பிக்கலாம். நகையும் அப்படித்தான். 22 காரட் என்றால் 916. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதை அடித்துப் பார்த்தால் நகையின் ஜாதகமே வந்துவிடும். கடையில் பெரியவர்கள் சேதாரம், செய்கூலி என்று பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது இந்த வேலையை நீங்க எடுத்துக்கலாம். மொபைலை நோண்டுறதுக்கு அன்றைக்கு ஒரு நாள் திட்டு விழாது!

அப்பாவோட நோட்டு

இதுவரைக்கும் சொன்னது வெளியில் தெரிகிற விஷயம். தெரியாத ஒன்று இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை விரித்து உட்காருவார். மண்டபம் அட்வான்ஸ், சமையல், பந்தல், போட்டோ, சீர் பாத்திரம் என்று ஒரு பக்கம். சீட்டு எடுத்தது, பி.எஃப். அட்வான்ஸ், அம்மா வளையலை வைத்து வாங்கிய நகைக்கடன் என்று இன்னொரு பக்கம். பக்கத்து ரூமில் தூங்குகிற மாதிரி படுத்திருக்கும் பொண்ணுக்கு எல்லாம் கேட்கும். புடவைக் கடையில் அவள் ‘எனக்கு இதுவே போதும்’ என்று விலை கம்மியானதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் அந்த நோட்டுதான்.

நிறைய பேருக்கு இந்த நாட்களின் சந்தோஷத்தைச் சாப்பிடுவது இந்தக் குற்ற உணர்ச்சி. ‘நம்மால அப்பா கடன்காரர் ஆகிட்டாரே’ என்று நினைக்கிறவள் வேற எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். வேலைக்குப் போகணும்னு கேட்க மாட்டாள். மேல படிக்கணும்னு கேட்க மாட்டாள். மனசுக்குள் ஒரு சந்தேகம் வந்தால்கூட, ‘அட்வான்ஸ் கொடுத்தாச்சே’ என்று அமுக்கிவிடுவாள். இங்கேதான் ஆபத்தே. மண்டப அட்வான்ஸ் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை அவளிடம் வீட்டில் யாராவது ஒருத்தர் சொல்லிவைக்க வேண்டும்.

இதில் யோசிக்கவேண்டிய ஒரு சரித்திரம் உண்டு. தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்காக மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் 1989-ல் வந்தது. அப்போது உதவி 5,000 ரூபாய். 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு 50,000 ரூபாய் என்றானது. 2016-ல் தங்கம் 8 கிராம் ஆனது. 2022-ல் அந்தத் திட்டமே ‘புதுமைப் பெண்’ என்று மாறி, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது. கல்யாணச் செலவுக்குக் கொடுத்த காசைப் படிப்புக்கே கொடுத்துவிடலாம் என்று அரசாங்கமே மனசு மாறியது. வீட்டில் பேச்சு வந்தால், இது ஒரு நல்ல பாயின்ட்!

‘சாப்டியா?’

நிச்சயம் முடிந்த ராத்திரியே நம்பர் கைமாறிவிடும். முதல் வாரம் முழுக்க ஓடுவது மூணே டயலாக்தான். ‘சாப்டியா?’ ‘என்ன சாப்ட?’ ‘அப்புறம்?’ அந்த ‘அப்புறம்’ வந்ததும் ரெண்டு பக்கமும் ஒரு அமைதி இருக்கு பாருங்க... செல்போன் டவருக்கே தூக்கம் வந்துவிடும்.

கூச்சம் இருக்கட்டும், அது அழகு. ஆனா, நாற்பது நாள் பேசியும் பேசவேண்டியதைப் பேசாமல் மேடை ஏறினால் கஷ்டம். வேலைக்குப் போறதுல உனக்கு என்ன அபிப்பிராயம்? என் சம்பளத்தில் என் வீட்டுக்குக் கொடுத்தா ஓகேவா? தனிக்குடித்தனமா, எல்லாரும் சேர்ந்தா? கடன் ஏதாவது இருக்கா? குழந்தை எப்போ? உடம்புக்கு ஏதாவது பிரச்னை உண்டா? இதில் ஒன்றுகூட அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. வாடகைக்கு வீடு பார்த்தாலே தண்ணி வருமா, மீட்டர் தனியான்னு பத்து கேள்வி கேட்கிறோம். இது வாழ்க்கை பாஸ்!

அம்மா ஏன் இப்போல்லாம் திட்டுறதில்லை?

பத்து மணி வரை தூங்கினால் பக்கெட் தண்ணியோடு வந்த அம்மா, இப்போது போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். பிடித்த குழம்பு வாரத்தில் மூணு நாள் வருகிறது. அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். ‘நீ போனா உன் கட்டில் எனக்குத்தான்’ என்று வம்பிழுத்துக்கொண்டிருந்த தம்பி, ஒரு நாள் காரணமே இல்லாமல் பக்கத்தில் வந்து உட்காருகிறான். அவ்வளவுதான், அவளுக்குக் கண்ணில் தண்ணி முட்டும். டி.வி.யில் ஓடுவது என்னவோ காமெடி சீன்தான்.

கல்யாணம் பிடிக்காததால் வருகிற அழுகை இல்லை இது. மாப்பிள்ளையை மனசார பிடித்திருக்கும் பொண்ணும் அழுவாள். ஒரு வீட்டில் இருபத்தோரு வருஷம் வாழ்ந்துவிட்டு, அதே வீட்டுக்கு இனிமேல் விருந்தாளி மாதிரி வரப்போகிறோம் என்று தெரிவதன் அழுகை. ‘அங்க போய் இப்படித்தான் பண்ணுவியா?’ என்று வீட்டிலேயே பத்து தடவை கேட்டுவிடுகிறார்கள். ‘அங்க’ என்பது இன்னும் பழகாத ஊர். ‘இங்க’ என்பது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற ஊர். நடுவில் நிற்பவளுக்குத் தலை சுத்தாமல் என்ன செய்யும்?

மாப்பிள்ளைக்கும் வயித்தைக் கலக்கும்!

பசங்க சைடையும் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். வேலையில் சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். வாடகை அட்வான்ஸ், கட்டில், மிக்ஸி என்று ஒரு பக்கம் லிஸ்ட். ‘அம்மாவும் வரப்போறவளும் ஒத்துப்போவாங்களா?’ என்று இன்னொரு பக்கம் பயம். அவன் அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் ‘என்ன மச்சி, இப்பவே பயந்துட்டியா?’ என்று ரூமே சிரிக்கும். பொண்ணு அழுதால் ஆறுதல் சொல்ல ஒரு அத்தையாவது வருவார். பையனுக்கு அதுவும் கிடையாது.

காதல் ஜோடிகளுக்கு வேற மாதிரி காத்திருப்பு. மதம் மாறாமல் 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் பண்ணுகிறவர்கள் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரெண்டு பேரில் ஒருத்தராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் ஆபீஸில் ஒட்டப்பட்டு, ஆட்சேபம் ஏதும் வருகிறதா என்று 30 நாள் பார்ப்பார்கள். பட்டு, நகை, நலங்கு எதுவும் இல்லாமல், அந்த ஒரு பேப்பரை யார் வந்து படிப்பார்களோ என்று எண்ணிக்கொண்டிருக்கும் முப்பது நாள்!

பயமா... எச்சரிக்கை மணியா?

‘கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், விடு’ என்று சொல்லிவிடுகிறோம். பாதி உண்மை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆராய்ச்சியாளர்கள் புதுசாகக் கல்யாணமான 232 ஜோடிகளிடம், ‘கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்குத் தயக்கம் இருந்ததா?’ என்று கேட்டார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், கணவர்களில் 47 சதவிகிதமும் மனைவிகளில் 38 சதவிகிதமும் ‘ஆமா’ என்றார்கள். நாலு வருஷம் கழித்துப் பார்த்தபோது, தயக்கம் இருந்த பெண்களில் 19 சதவிகிதம் பேர் விவாகரத்து ஆகியிருந்தார்கள். தயக்கமே இல்லாத பெண்களில் அது 8 சதவிகிதம்தான். அந்த ஊர் வேற, நம்ம ஊர் வேற. ஆனாலும் ரெண்டு விஷயம் புரிகிறது. தயக்கம் வருவது ரொம்ப சகஜம். தயங்கியவர்களில் பெரும்பாலானோர் சேர்ந்தே இருக்கிறார்கள். அதற்காக அதைக் கேட்காமல் அமுக்கிவிடுவது சரியில்லை.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ‘புது வீடு எப்படி இருக்குமோ’, ‘சமையல் வராதே’, ‘அம்மாவை விட்டு எப்படி இருப்பேன்’... இதெல்லாம் பயம். கல்யாணத்துக்குப் பிறகு பழகப் பழகக் கரையும். ‘காலேஜ் பசங்ககிட்ட பேசாதே’ என்று இப்போதே உத்தரவு வருகிறது. போன் எடுக்க ரெண்டு நிமிஷம் லேட்டானால் சந்தேகம் வருகிறது. பேசி முடித்த பிறகு ‘இன்னும் பத்து பவுன்’ என்று ஆள் மேல் ஆள் அனுப்புகிறார்கள். படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள். வேலை, சம்பளம் பற்றிச் சொன்னது பொய் என்று தெரிகிறது. இதெல்லாம் எச்சரிக்கை மணி. தாலி ஏறியதும் சரியாகிவிடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அம்மாவிடம், அப்பாவிடம், முடியாவிட்டால் ஒரு மாமாவிடமாவது அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

* பொண்ணுக்கு 18, பையனுக்கு 21. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ன்படி இதற்குக் கீழே என்றால் அது குழந்தைத் திருமணம். 1098-க்கு போன் போடலாம்.

* வரதட்சணை தடைச் சட்டம் வந்தது 1961-ல். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், கேட்பதுமே குற்றம். கொடுத்தாலோ வாங்கினாலோ குறைந்தபட்சம் 5 வருஷம் ஜெயில் என்கிறது சட்டம்.

* கல்யாணத்தில் வரும் பரிசுகளுக்கு ஒரு லிஸ்ட் எழுதி வைக்கவேண்டும் என்று 1985-லேயே விதி போட்டிருக்கிறார்கள். பொண்ணுக்குப் போட்ட நகை பொண்ணுக்கே சொந்தம்.

* தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். ஒரு பத்திரிகையும் போட்டோவும் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

* கல்யாணமானதால் பெயரையோ இனிஷியலையோ மாற்றியாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

* மிரட்டலோ கட்டாயமோ இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

ஃப்ரெண்ட்ஸ் என்ன பண்ணலாம்?

கலாய்க்கலாம், தப்பே இல்லை. அதோடு நிறுத்திவிட வேண்டாம். அவள் பிளவுஸ் அளவு கொடுக்கப் போன நாட்களின் நோட்ஸை எடுத்துவையுங்கள். ரெக்கார்டில் படம் போட்டுக்கொடுங்கள். மார்க் ஷீட், டி.சி., ப்ரொவிஷனல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, மறக்காமல் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சீர் தட்டில் பழம் இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள், சர்ட்டிஃபிகேட் இருக்கிறதா என்று பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ரோட்டில் பேனர் மட்டும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் இப்படி வைத்த ஒரு கல்யாண பேனர்தான் ஸ்கூட்டரில் போன 23 வயது இன்ஜினியர் பொண்ணு மேல் விழுந்து, அவர் லாரியில் சிக்கி உயிரை விட்டார். அந்தக் காசைச் சேர்த்து அவளுக்குப் பிடித்த புத்தகமோ, எக்ஸாம் ஃபீஸோ கட்டுங்கள்.

அப்புறம் ஒண்ணு. நலங்கும் மருதாணியும் ஆரம்பித்து, வீடு நிறைய சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் அவள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாள். அதற்கு முன்னாடி ஒரு நாள் கேன்டீனில் தனியாக உட்காரவைத்து, ‘நீ எப்படி இருக்க?’ என்று கேளுங்கள். முதல் பதில் ‘ம்... நல்லாருக்கேன்’ என்றுதான் வரும். உடனே எழுந்துவிடாதீர்கள். இன்னொரு டீ சொல்லுங்கள். நிஜமான பதில் ரெண்டாவது டீக்கு அப்புறம்தான் வரும்!